எட்டடி தள்ளி நட்ட கல்

போன மாதம் ஒரு நாள் காலையில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் அலுவலர், சின்ன வயதுப் பெண். மரியாதையாகப் பேசினார்.

"சார், தாழிமேட்ட ட்ரோன் விட்டுப் படம் எடுத்தோம். மேலருந்து பாத்தா வேலி நாலு பக்கமும் நேரா இருக்கு. தென்மேற்கு மூலையில மட்டும் உள்பக்கமா மடங்கியிருக்கு. ஃபைல்ல காரணம் எதுவும் இல்ல. நீங்கதான் ரொம்ப வருஷம் அங்க இருந்தீங்கன்னு சொன்னாங்க."

"அங்கன ஒரு பாறை இருக்கு மேடம். அதுல கல்லு நட முடியாது" என்றேன்.

"அவ்வளவுதானா சார்? தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவ்வளவுதானா என்று அந்தப் பெண் கேட்டது அன்று முழுக்க மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. "இட்லியப் பாத்துக்கிட்டே இருந்தா வயிறு நெறஞ்சிருமா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். ஃபைலில் இல்லாததை நானாவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பரமசிவம். ஊரில் பரமன். தொல்லியல் துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி வரை ஒரே இடம்தான். கடமலைக்குண்டிலிருந்து மயிலாடும்பாறை போகிற வழியில், ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே, இலவந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது தாழிமேடு. ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான இடம். நடுவில் ஆள் உயரத்துக்கு மண்மேடு. மேட்டைச் சுற்றி வட்டமாகக் கற்கள். அடியில் தாழிகள். இரும்பைப் புதிதாகக் கண்டுகொண்ட காலத்து மனிதர்கள் தங்கள் செத்தவர்களை வைத்த இடம் என்று போர்டில் எழுதியிருக்கும். ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். அந்தக் காலத்தில் மனுசனுக்குச் சாவே கிடையாது, வயசாக வயசாகச் சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவான், அப்புறம் பானையில் சோறும் தண்ணியும் வைத்து அவனையும் உள்ளே வைத்து மூடிவிடுவார்கள் என்று. சின்ன வயதில் நானும் அதை நம்பித்தான் அந்தப் பக்கம் மாடு பத்தப் பயப்பட்டேன். அந்த இடத்துக்கே என்னைக் காவல் போட்டார்கள்.

தினக்கூலியாகத்தான் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பும் ஒரு சைக்கிளும் என் தகுதி. மதுரையில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எட்டு நாள் கூட்டமும் டீயும். மிச்ச இரண்டு நாளில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தேன்.

காலை ஏழு மணிக்கு எல்லையை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்புறம் கல் எண்ண வேண்டும். கிழக்குப் பக்கம் செவப்பாக ஒரு கல் இருக்கும். அதில் ஆரம்பித்து இடக்கைப் பக்கமாகவே போய் அதிலேயே முடித்தால் நாற்பத்து மூன்று. வலது பக்கமாகப் போனால் எனக்கு எப்போதும் நாற்பத்து இரண்டுதான் வரும். ஏன் என்று கடைசி வரை தெரியவில்லை. ஊரில் எனக்குக் 'கல்லெண்ணி' என்று பேர் வைத்துவிட்டார்கள். "என்னடா, நேத்து ராத்திரி ஒண்ணு ரெண்டு குட்டி போட்டுச்சா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

களையைப் பிடுங்கக் கூடாது, தரையோடு அறுக்க வேண்டும். வேரோடு பிடுங்கினால் வேர் பிடித்திருக்கும் மண்ணும் மண்ணுக்குள் இருக்கும் ஓடும் சேர்ந்து வந்துவிடும். எலி வளையைக் குத்தக் கூடாது, முள்ளை வைத்து அடைக்க வேண்டும். மழை பெய்து ஓடு ஏதாவது வெளியே வந்து கிடந்தால் கையில் எடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, தேதி எழுதிவைத்து, அலுவலர் வருகிற வரை அதைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஐப்பசி மழைக்குப் பதினேழு குச்சி நட்டிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு வெண்டைக்காய்ப் பாத்தி போலத் தெரியும். பங்குனியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறந்து வந்து அந்தக் கற்களில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கல்லெல்லாம் நரைத்துப்போனது போல இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்ட நாட்கள் இனி வராது என்று நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு மேலே ஞானமுத்து சார். போடிக்காரர். ஒல்லியான ஆள், எப்போதும் கையில் குடை, சட்டைப்பையில் டேப். அவரை முதன்முதலாகப் பார்த்த கதையைச் சொன்னால் என் லட்சணம் தெரிந்துவிடும்.

சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும். சார் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார் என்று கடிதம் வந்தது. எங்கள் பக்கத்தில் அதிகாரி வருகிறார் என்றால் முதல் வேலை சுண்ணாம்பு. மைல்கல்லுக்கு அடிப்பார்கள், ரோட்டோரப் புளியமரத்துக்கு அடிப்பார்கள், பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அடிப்பார்கள். நானும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தானே. கடமலைக்குண்டில் சுண்ணாம்பு வாங்கி, பளிச்சென்று இருக்கட்டும் என்று கொஞ்சம் நீலமும் கலந்து, நாற்பத்து மூன்று கல்லுக்கும் அடித்தேன். மேலே காவியில் ஒரு பட்டை வேறு. என் வீட்டுக்காரி வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். சாயங்காலம் தூரத்தில் நின்று பார்த்தோம். திருவிழாவுக்குத் தயாரான கோயில் மாதிரி இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று அவளே சொன்னாள். அவள் வாயில் அவ்வளவு சுலபமாக அது வராது.

மறுநாள் சார் ஜீப்பை விட்டு இறங்கினார். நின்றார். குடையை விரித்து வட்டத்தை ஒரு சுற்று வந்தார். நான் மெச்சுவார் என்று பின்னாலேயே போனேன்.

"எத்தன கல்லு?"

"நாப்பத்தி மூணு சார்."

"சரியா எண்ணியிருக்க."

மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச்சோற்றை நிதானமாகச் சாப்பிட்டார். அந்தக் கற்களில் ஒன்றின் மேல்கூட அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கை கழுவிவிட்டு, "தண்ணி எங்க இருக்கு?" என்றார். ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடாது. தண்ணீரும் தேங்காய் நாரும் மட்டும். மேலிருந்து கீழே, கை அகலத்துக்கு ஒரு பட்டையாகத் தேய்க்க வேண்டும். முதல் கல்லை நாங்கள் இருவரும் சேர்ந்து கழுவினோம். கடைசி பஸ் நேரம் வரை ஆனது. அந்த நாளெல்லாம் அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. கிளம்பும்போது, "ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்?" என்று என்னையே கேட்டார். நான் நாரைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவரே 'கற்கள் சுத்தம் செய்யப்படுகின்றன' என்று எழுதி எனக்குக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மிச்ச நாற்பத்து இரண்டு கல்லைக் கழுவ எனக்கு மூன்று வாரம் ஆனது. அவர் வாராவாரம் வந்து கட்டைவிரலால் ஒவ்வொரு கல்லையும் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவர்தான் எனக்கு எல்லாம். அளப்பதை அவரிடம்தான் கற்றேன். எதையும் இந்த முனையிலிருந்து ஒரு தடவை, அந்த முனையிலிருந்து ஒரு தடவை அளக்கச் சொல்வார். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் மூன்றாவது தடவை. நான் குத்துமதிப்பாக ஏதாவது சொன்னால், "இது அளந்ததா, நெனச்சதா?" என்பார். குரல் உயராது. ஆனால் பொய் சொல்ல வாய் வராது. அப்படிப்பட்ட மனிதரிடம்தான் பிறகு நான் ஒரு பொய் சொன்னேன்.

அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போன சமயத்தில் வேலிக்கு உத்தரவு வந்தது. அதுவரை எங்கள் எல்லை என்பது நாலு மூலைக் குறியும் காகிதத்தில் ஒரு படமும்தான். அதில் மூன்று மூலையில் சர்வே கல் நட்டிருந்தார்கள். தென்மேற்கு மூலையில் மட்டும் பெரிய பாறை. கல் நட வழியில்லாததால் சர்வேக்காரர் அந்தப் பாறையிலேயே உளியால் ஒரு அம்புக்குறி வெட்டிவிட்டுப் போயிருந்தார்.

வேலிக்கல்லும் கம்பியும் லாரியில் வந்தன. காண்ட்ராக்டரின் ஆட்களுக்கு இரண்டு நாளில் வேறு ஊரில் வேலை. மூன்று பக்கம் நட்டு முடித்துத் தென்மேற்கு மூலைக்கு வந்தபோது கடப்பாரை பாறையில் டங்கென்று மோதியது. பாறையை ஒட்டி உள்பக்கமாக இரண்டு குழி எடுத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கலாம். அங்கேயும் கல்லாய் இறுகின சுக்கான் மண். அரை நாள் கூடுதல் வேலை. வெளிப்பக்கம் எட்டடி தள்ளினால் பொதபொதவென்று மண். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். சாராக இருந்தால் டேப்பை எடுத்திருப்பார். நான் காலடி வைத்து எண்ணி, "இங்கன நடுங்க" என்றேன்.

அந்த எட்டடி எங்களுடையது இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் பொன்னையா அண்ணனுடையது. அதில் ஒரு சமாதி இருந்தது. அவருடைய மனைவியின் சமாதி. எங்கள் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வீட்டு ஆட்களைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்வதுண்டு. அந்த அம்மா பாம்பு கடித்துச் சின்ன வயதிலேயே போய்விட்டவர். தலைமாட்டில் ஒரு கல்லும் ஒரு செவ்வரளியும் இருந்தன. நான் கல்லை நட்டதும் அந்தச் சமாதி வேலிக்கு உள்ளே வந்துவிட்டது. அதைப் பார்க்காமல் நடவில்லை. பார்த்துத்தான் நட்டேன். எட்டடிதானே, யார் அளக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பொன்னையா அண்ணன் அன்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஞானமுத்து சார் மறுபடியும் எங்கள் பக்கத்துக்கே வந்தார். வேலியைப் பார்த்துவிட்டு, "எல்லைக்குறியப் பாத்துத்தான நட்ட?" என்று கேட்டார்.

"பாத்துத்தான் சார்."

அவர் டேப்பை எடுக்கவில்லை. என்னை நம்பினார்.

பொன்னையா அண்ணன் வருடத்துக்கு ஒரு நாள், தை மாதத்தில் மனைவி இறந்த திதிக்குக் காலையில் குளித்துவிட்டு வருவார். கேட்டுக்கு வெளியே நின்று, "தம்பி, செத்த நேரம் கேட்டத் தெறக்குறியா? வெளக்கு மட்டும் வச்சுட்டு வந்துர்றேன்" என்பார். விதிப்படி உள்ளே விளக்கு வைக்கக் கூடாது. ஆனால் நான் திறந்துவிடுவேன். "சீக்கிரம் வந்துருங்கண்ணே, ஆராச்சும் பாத்தா எனக்குத்தான் கஷ்டம்" என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போவார். ஒரு பெரிய உதவி செய்கிற நினைப்பு எனக்கு. அதைப் பெருமையாக வீட்டில் வேறு சொல்லியிருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் இப்படி நடந்தது. இடையில் எனக்கு வேலை நிரந்தரமானது.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலை எட்டு மணி. கல் எண்ணிக்கொண்டிருந்தேன். பொன்னையா அண்ணனின் மகன் ராசு, தேனியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், பைக்கில் வந்து இறங்கினான். கூடவே அவனுடைய தாய்மாமன்.

"அண்ணே, அப்பா போயிட்டாக" என்றான். "விடியக்காலம் நாலு மணிக்கு. அம்மா பக்கத்துலதான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காக. சாயங்காலம் எடுக்கோம். கேட்டத் தெறந்துவிடுங்கண்ணே, குழி வெட்டணும்."

எண்ணியது விட்டுப்போனது. "ராசு, வெளக்கு வைக்கிறதுன்னா பரவால்ல. குழி வெட்ட முடியாதுப்பா. வேலிக்குள்ள கடப்பாரை எறங்குனாலே கேசு. எனக்கு மட்டுமில்ல, ஒனக்கும்தான்" என்றேன்.

தாய்மாமன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே பரமா, சுடுகாட்டுல பொணத்தப் பொதைக்கக் கூடாதுன்னு சொல்ற மொத ஆளு நீதாண்டா" என்றார்.

வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். ராசு சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவுக வேற ஒண்ணுமே கேக்கலண்ணே. ஆஸ்பத்திரியில கெடந்த ஒரு மாசமும் இதையேதான் சொன்னாக" என்று மட்டும் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சமாதியையே பார்த்துக்கொண்டு நின்றான். வேலிக் கம்பிக்கு வெளியே அவன், உள்ளே அவன் அம்மா.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். வேலி நின்ற இடத்தில் நின்றிருக்கும். என் வேலையும் அப்படியே இருந்திருக்கும். மூத்தவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் மனதில் ஓடாமல் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் சாருக்குப் போன் போட்டேன். அப்போது அவர் மதுரையில் பெரிய பொறுப்பில் இருந்தார்.

"சார், வேலிக்குள்ள அடக்கம் பண்ணணும்ங்கிறாக."

"முடியாதுன்னு ஒனக்கே தெரியும். இதுக்கு எதுக்கு போன்?"

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

"சார், வேலி தப்பு சார்" என்றேன். முழுக்கச் சொன்னேன். பாறை, மேஸ்திரி, எட்டடி, சமாதி, எல்லாவற்றையும்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் கேட்டப்ப பாத்து நட்டேன்னு சொன்னியே" என்றார்.

"பொய் சொன்னேன் சார்."

"எட்டடிங்கிறது அளந்ததா, நெனச்சதா?"

"காலால வச்சது சார்."

"நான் வர்றேன். அதுவரைக்கும் யாரும் மண்ணுல கை வைக்கக் கூடாது."

மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் ஊரே தோட்டத்து வரப்பில் திரண்டுவிட்டது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே ராசுவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். அப்புறம்தான் படத்தை விரித்தார்.

பாறையை முள் மூடியிருந்தது. நான் அரிவாளால் அறுத்துப் போட்டேன். சார் முழங்கால் போட்டு உட்கார்ந்து கைக்குட்டையால் பாசியைத் துடைத்தார். அம்புக்குறி மெதுவாகத் தெரிந்தது. அதிலிருந்து அடுத்த மூலைக்கல் வரை நூல் பிடித்தோம். நூலிலிருந்து வேலிக்கல் வரை டேப். "எட்டடி நாலு இஞ்ச்" என்றேன். "திருப்பி அள" என்றார். முனையை மாற்றிப் பிடித்தோம். எட்டடி நாலு இஞ்ச். சமாதி முழுக்க நூலுக்கு அந்தப் பக்கம், பொன்னையா அண்ணனின் நிலத்தில் இருந்தது. கூட்டத்தில் யாரோ, "அடப்பாவி" என்றார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சார் எழுந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "தப்பு எங்களோடது. இந்த நிலம் அவரோடது. சமாதிக்குத் தெக்கால பக்கம் குழி எடுத்துக்கங்க. ஆனா இவ்வளவு பக்கத்துல இருக்கிறதால அடியில பழைய தாழி இருக்கலாம். நான் சொல்ற மாதிரிதான் வெட்டணும். தாழி தட்டுப்பட்டா மூடிட்டு வேற எடம் பாக்கணும். சம்மதமா தம்பி?"

"சம்மதம் சார்" என்றான் ராசு.

குழி வெட்ட வந்த மாயாண்டிக்குத்தான் சம்மதமில்லை. அவர் வழக்கம் ஒரே மூலையில் ஆழமாக இறங்கிப் பிறகு அகலப்படுத்துவது. சாரோ விரற்கடை விரற்கடையாகக் குழி முழுவதையும் ஒரே மட்டத்தில் இறக்கச் சொன்னார். "சாமி, இப்பிடிச் சொரண்டுனா இன்னைக்கு முடிஞ்சாப்லதான்" என்று மாயாண்டி சலித்துக்கொண்டார். ஒவ்வொரு கூடை மண்ணையும் சாக்கில் கொட்டி நான் விரலால் அளைந்து பார்க்க வேண்டும். எத்தனையோ வருடம் மண்ணில் ஓடு தெரிந்தால் சந்தோஷப்பட்டவன் அன்று ஒரு ஓடும் வரக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டே அளைந்தேன்.

ஒரு முழ ஆழத்தில் என் விரலில் ஏதோ தட்டியது. எடுத்தேன். சிவப்பு ஓடு, உள்ளங்கை அகலம். மாயாண்டியின் மண்வெட்டி நின்றது. ராசு என் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

சார் வாங்கினார். தண்ணீர் கேட்டு நனைத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். விளிம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாழி ஓடு தடிமனாக இருக்கும், இது மெல்லிசு. "இது நம்ம காலத்துக் கொடம்" என்று சொல்லிவிட்டுத் தாய்மாமனைப் பார்த்தார். "அந்த அம்மாவ அடக்கம் பண்ணுனப்ப இங்க கொடம் ஒடச்சீங்களா?"

அந்தப் பெரியவர் ராசுவின் தோளைத் தொட்டார். "ஆமாய்யா. எங்கக்காவுக்கு ஒடச்சது. இந்தா, இவன்தான் தோள்ல வச்சுச் சுத்துனான். ஆறு வயசு. கனம் தாங்காதுன்னு நான் பின்னால புடிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

ராசு அந்த ஓட்டை வாங்கி வேட்டியில் துடைத்தான். சார் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கீழே நாலரை அடி வரை வேறு எதுவும் தட்டுப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் பொன்னையா அண்ணனைக் கொண்டுவந்து மனைவிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ராசு அந்த ஓட்டை அப்பாவின் கால்மாட்டில் வைத்தான். சார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு கை மண் போட்டார். நானும் போட்டேன்.

ஜீப்பில் ஏறும்போதுதான் சார் என்னிடம் பேசினார். "மெமோ வரும். பதில் எழுதுறப்ப பாறை இருந்துச்சுன்னு மட்டும் எழுதாத. தள்ளி நட்டா வேலை சீக்கிரம் முடியும்னு நட்டேன், கேட்டப்ப பொய் சொன்னேன்னு எழுது."

அப்படியே எழுதினேன். வேலை போகவில்லை. பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. வேலியைத் திருத்தி நட, காரணம் எதுவும் போடாமல் ஒரு வரியில் உத்தரவு வந்தது. சார் அடுத்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். அதன்பிறகும் எனக்குப் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து, "கல்லு எத்தன?" என்று கேட்பார். அந்த விஷயத்தை மட்டும் அவர் மறுபடி எடுத்ததே இல்லை.

கருமாதி முடிந்து நாலைந்து நாள் கழித்துக் கல்லைப் பிடுங்கப் போனேன். கூலிக்கு ஆள் வைக்க மனமில்லை. நானே கடப்பாரையோடு நின்றேன். ராசு பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கூடப் பிடித்தான். கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம்.

"ராசு, ஒங்கப்பா வருசா வருசம் கேட்டுக்கு வெளிய வந்து நின்னு எங்கிட்ட அனுமதி கேட்டாரு. அவரு நெலத்துக்குப் போக. நானும் சர்க்கார் உத்தரவு மாதிரி குடுத்தேன். எனக்குத் தூக்கமே வரலப்பா. என்னைய மன்னிச்சுக்க" என்றேன்.

அவன் சிரித்தான். "அப்பாவுக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"எல்லை எங்கனன்னு. சர்வே பண்ணுனப்ப செயின் புடிச்சதே அவுகதான. பாறையில குறி வெட்டுனப்பவும் பக்கத்துல நின்னுருக்காக."

"பெறகு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நானும் கேட்டுச் சண்டை போட்டேன். ஆபீசுல எழுதிக் குடுப்போம்னேன். அதுக்கு என்ன சொன்னாக தெரியுமா? 'ஏலே, வெளிய கெடந்தா ஆடு மேயும், மாடு மிதிக்கும். உள்ள கெடந்தா சர்க்காரே சம்பளம் குடுத்து உங்காத்தாளுக்குக் காவல் போட்டுருக்கு. அந்தப் பய நல்ல பய, காலையில வந்ததும் அவளச் சுத்திக்கிட்டுத்தான் மத்த வேலையப் பாக்குறான். கெடக்கட்டும், விடு'ன்னுட்டாக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஆள், பட்டப்பகலில், அவன் முன்னாலேயே அழுதேன். ராசு தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அன்றே பாறைக்கு உள்பக்கம் இரண்டு குழி எடுத்துக் கல்லை நட்டுக் கம்பியை இழுத்துக் கட்டினோம். அரை நாள்தான் ஆனது. புருசனும் பொண்டாட்டியும் வேலிக்கு வெளியே ஆனார்கள். ஓய்வு பெறுகிற நாள் வரை காலையில் அந்த மூலைக்கு வந்ததும் கம்பிக்கு அந்தப் பக்கம் இறங்கி, அவர்கள் இரண்டு பேரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன். ஆடு கிடந்தால் விரட்டிவிட்டு வருவேன்.